மோகா ஆபீசில் ஒரு கல்யாணப் பத்திரிகை

1

அரசாங்கக் கணக்கில் எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம்தான் ஆகிறது. என் மகள் கமலாவுக்கு வயது இருபத்தொன்று. உடனே கூட்டிக் கழித்துப் பார்க்காதீர்கள். பார்த்தவர்கள் எல்லாரும் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாயிற்று. நீங்களாவது முழுவதையும் கேட்டுவிட்டுப் பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். நான் கூடத்தில் மெஷின் முன்னால் உட்கார்ந்து கொடி தைத்துக்கொண்டிருந்தேன். மார்ச் மாதம் மொரீஷியஸுக்குச் சுதந்திரம். எங்கள் பீனிக்ஸ் ஊர்க் கடைக்காரர்கள் எல்லாருக்கும் திடீரென்று கொடி வேண்டுமாம். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நாலு பட்டை, நாலும் ஒரே அகலம். ஒரு பட்டை அரை விரல் கூடினாலும் திருப்பிக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். ஏஜெண்டு என் வீட்டுக்காரரிடம் பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, கல்யாணமாகி எத்தனை வருடம் என்றார்.

"மூணு வருஷம்," என்றார் இவர். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

இருபத்து மூன்று வருடம் என்னோடு குடித்தனம் செய்த மனிதர்! கையிலிருந்த கத்தரிக்கோலை மேசையில் ஓங்கிப் போட்டேன். ஏஜெண்டு திடுக்கிட்டுத் திரும்பினார். இவர் என்னைப் பார்க்கவே இல்லை. "அதானே பேப்பர்ல இருக்கு, சௌந்தரம்," என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

பேப்பர்! இந்த ஒரு சொல்லைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிடுகிறது. அந்தக் கோபம் ஆறுவதற்குள்தான் இதை எழுதுகிறேன். ஆறவிட்டு எழுதினால் பெரிய மனுஷித்தனமாக எதையாவது எழுதிவைப்பேன். அது பொய்யாகப் போய்விடும்.

2

முதலில் ஒன்று. இங்கே காலேஜ் என்றால் நம்மூர்க் காலேஜ் இல்லை. ஆறாம் வகுப்புக்கு மேலே போகிற பள்ளிக்கூடத்தைத்தான் இங்கே காலேஜ் என்கிறார்கள். மாதாமாதம் சம்பளம் கட்டவேண்டும். கட்டாவிட்டால் பிள்ளையை எழுப்பி வாசலில் நிறுத்திவிடுவார்கள். கடைசி இரண்டு வருடத்துக்குச் சம்பளம் இன்னும் அதிகம். அதை முடித்து, விடைத்தாளைச் சீமைக்கு அனுப்பித் திருத்துகிற பரீட்சை ஒன்றில் தேறினால்தான் வாத்தியார் வேலையோ ஆபீஸ் வேலையோ கிடைக்கும்.

கமலா நன்றாகப் படித்தாள். என் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. அவளுடைய காலேஜ் டீச்சரம்மாவே வீடு தேடி வந்து, இந்தப் பெண்ணைப் பாதியில் நிறுத்தினால் பாவம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் என் வீட்டுக்காரருக்குப் போர்ட் லூயிஸில் ஒரு துணிக்கடையில் விற்பனை வேலை. அவர் வாங்குகிற கூலியில் ஊரிலிருக்கும் விதவைத் தங்கைக்கு அனுப்பியது போக, வாடகைக்கும் அரிசிக்கும் காணும். மிச்சத்துக்கு நான் காலேஜ் பெண்களுக்குச் சீருடை தைத்துக்கொண்டிருந்தேன். மற்ற வீட்டுப் பெண்கள் போட்டுக்கொண்டு போகிற பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டே, என் பெண்ணுக்கு அடுத்த வருடம் இது தேவைப்படுமா என்று நினைத்தால் வயிறு எரியாதா? போதாக்குறைக்கு, ஒரு மளிகைக் கடைக்காரர் மகனுக்குப் பெண் கேட்டு ஆள் வேறு வந்து போயிற்று.

அப்போதுதான் டீச்சரம்மா ஒரு உபகார நிதியைப் பற்றிச் சொன்னார். பேர் வேண்டாம். ஏழைப் பெண்களின் காலேஜ் செலவை ஏற்றுக்கொள்கிற நிதி, ஆபீஸ் மோகாவில். பாரம் எட்டுப் பக்கம். கமலா வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல நான் பதில் சொன்னேன். வீட்டில் எத்தனை அறை, எத்தனை கோழி, தகரக் கூரையா ஓலைக் கூரையா என்று மாப்பிள்ளை வீட்டார்கூடக் கேட்காத கேள்வி எல்லாம் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் எழுதினோம். ஆறாம் பக்கம் வந்ததும் கமலா நிறுத்தினாள்.

"இது இருக்கட்டும்மா. ஆபீஸ்லயே கேட்டுக்கலாம்."

"என்ன கேட்டிருக்கான்?"

"உங்க கல்யாணத்தைப் பத்தி."

"அவ்வளவுதானே!" என்று நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து என் கல்யாணப் பத்திரிகையை எடுத்து வெளியே வைத்தேன். அவள் பத்திரிகையைத் தொடாமல் பாரத்தை மூடினாள். ஏன் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

3

என் வீட்டுக்காரர் கடையில் வாய் ஓயாமல் பேசி முழம் முழமாகத் துணி விற்பார். ஆபீஸ் வாசல்படியை மிதித்தால் நாக்கு உள்ளே போய்விடும். அதனால் நானும் கமலாவும்தான் பஸ் மாறி மோகாவுக்குப் போனோம்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் பெயர் வீராசாமி. நம் ஆள்தான். அவர் தாத்தாவோ பூட்டனோ கரும்பு வெட்ட வந்தவர்கள். கழுத்தில் டை, வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க விரதம் இருக்கிறார் என்று பார்த்தவுடனே தெரிந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்கள் வீட்டில் பேசுவது கிரியோல். அவருக்குத் தெரிந்த தமிழ் ஏறக்குறையக் கோயிலுக்குள்ளேயே முடிந்துவிடும். ஆனாலும் நம் சாமியைக் கும்பிடுகிறவர் நம்மைப் புரிந்துகொள்ள மாட்டாரா என்று நினைத்தேன்.

"பாப்பியே மாரியாஸ், மதாம்?" என்றார். கல்யாணக் காகிதம் எங்கே என்கிறார்.

பத்திரிகையைக் கொடுத்தேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது, உச்சியில் பிள்ளையார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் பிள்ளையாரைப் பார்த்ததும் அவர் கை தானாகவே பத்திரிகையைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. நான் சத்தியமாகப் பார்த்தேன். ஒற்றிக்கொண்டு, மெதுவாக மேசையில் வைத்து, என் பக்கம் தள்ளினார்.

"பா கப்பாவ், மதாம்." முடியாதாம்.

கோயில் கல்யாணம் இந்த ஊர்ச் சட்டத்தில் கணக்கில் இல்லையாம். சிவில் ஆபீசில் எழுதியிருக்க வேண்டுமாம். இந்தியாவில் நடந்தது என்றால் இந்தியாவிலிருந்து ஆபீஸ் காகிதம் வரவேண்டுமாம். மாயவரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் எவன் கல்யாணத்துக்கு ஆபீசுக்குப் போனான்? இரண்டு ஊர் ஜனம் வந்து அட்சதை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போயிற்று. மேளக்காரர் வாசித்தது மூன்றாம் தெருவரைக்கும் கேட்டது. கப்பலேறும்போது அம்மா பெட்டியில் ஊறுகாய் வைத்தாள், குங்குமம் வைத்தாள், பத்திரிகையும் வைத்தாள். காகிதம் கேட்பார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வீராசாமி அடுத்து கமலாவின் பிறப்புக் காகிதத்தை வாங்கி வாசித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். கல்யாணக் காகிதம் இல்லாததால், இவள் பிறந்தபோதே மணமாகாத தாயின் மகள் என்றுதான் பதிந்திருக்கிறார்கள் என்றார். தகப்பன் ஏற்றுக்கொண்டதாக மட்டும் கீழே ஒரு வரி இருக்கிறதாம். பதினாறு வருடமாக என் பெட்டியில், என் பட்டுப்புடவைக்குக் கீழே, அந்தக் காகிதம் படுத்துக் கிடந்திருக்கிறது!

நான் கத்துவதற்குள் அவர் இன்னொன்று சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதுதான் இன்னும் கொடுமை. நீங்கள் மனைவி என்று சொன்னால் காகிதம் இல்லாமல் பாரத்தை வாங்க முடியாது. பத்து நாளில் கெடு முடிகிறது. அப்படியே சிவில் கல்யாணம் செய்து காகிதம் கொண்டுவந்தாலும், உங்கள் புருஷன் கூலி நிதியின் வரம்பைக் கொஞ்சம் தாண்டுகிறது, ஒன்றும் கிடைக்காது. புருஷன் இல்லாத தாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் முழுச் செலவும் கிடைக்கும், புத்தகம்கூட. இங்கே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

தாலியை வெளியே இழுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். "இது என்னய்யா? இதுக்குப் பேர் என்ன உங்க ஊர்ல?"

"தாலி," என்றார் சின்னக் குரலில்.

"தெரியுதில்ல? உங்க கையில காப்பு கட்டியிருக்கீங்களே, அதுக்குப் பாப்பியே இருக்கா? எந்த ஆபீஸ்ல எழுதிட்டுக் காவடி எடுக்கிறீங்க?"

அந்த மனிதர் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அறையில் இருந்த நாலு பேரும் எங்களைப் பார்த்தார்கள். அப்போது என் பக்கத்தில் கமலா சொன்னாள், ரொம்ப அமைதியாக:

"போட்டுடும்மா கையெழுத்து."

அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

4

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே சண்டை தொடங்கிவிட்டது. பிள்ளை பிறந்ததும் பதியப் போனது என் வீட்டுக்காரர்தான். "காகிதம் கேட்டாங்க. இல்லேன்னேன். என்னமோ எழுதி வாசிச்சாங்க. எம் பேரு காதுல விழுந்துது, சந்தோஷமாக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்," என்றார். தமிழில் போட்ட கையெழுத்து! தன்னை என் புருஷன் இல்லை என்று சொல்லுகிற காகிதத்தில், அழகான தமிழில், சாமிநாதன் என்று போட்டுவிட்டு வரும் வழியில் கல்கண்டு வேறு வாங்கி வந்தார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்றார். "எம் பேரு இல்லேன்னா போவட்டும். பொண்ணு படிக்கணும். நான் கட்ட முடியாத சம்பளத்தை அவன் கட்டறேங்கறான்."

"வெக்கமா இல்லே உங்களுக்கு? நான் யாரோ, நீங்க யாரோன்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்களே! எங்கப்பா அம்மா எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நடப்பாங்க?"

"அவங்க எங்க வந்து பாக்கப் போறாங்க, சௌந்தரம்?"

அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். இவரை, இந்த ஊரை, கப்பலை, வீராசாமியை, அவர் டையை. கடைசியில் கமலா பக்கம் திரும்பினேன். ஏனடி, உன் அம்மாவை அப்படி எழுதிக் கொடுக்கச் சொல்ல உனக்கு வாய் வந்ததா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துதான் சொன்னாயா என்று கேட்டேன்.

"புரிஞ்சுதான் சொன்னேன். எனக்கு அது பதினோரு வயசிலேயே தெரியும்," என்றாள்.

ஆறாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறப்புக் காகிதம் கொண்டுபோனாளே, அன்றைக்கு வகுப்பில் வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையின் காகிதமாக உரக்க வாசித்துச் சரிபார்த்தாராம். இவளுடையதையும் வாசித்தாராம். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் ஒரு சொல்லால் இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லை நான் எழுதமாட்டேன். நான் தைத்துக் கொடுத்த சீருடையைப் போட்டுக்கொண்டு போன பெண்களும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லலே?"

"சொன்னா நீ பள்ளிக்கூடத்துக்கே வந்து சண்டை போடுவே. ஊருக்கே தெரிஞ்சுபோயிடும்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். "அஞ்சு வருஷம் நான் அதைச் சுமந்தேம்மா, வாயத் திறக்காம. படிப்பு முடிய ரெண்டு வருஷம்தான். ரெண்டு வருஷம் நீ சுமக்கமாட்டியா?"

பத்திரிகையை எடுத்து மறுபடி பெட்டிக்குள், பட்டுப்புடவைக்குக் கீழே வைத்தேன்.

மறுநாள் காலை பஸ் ஏறி மோகாவுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். வீராசாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. காப்புக் கை மேசைக்கு அடியிலேயே இருந்தது.

5

கையெழுத்தோடு முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? முடிந்தால்தான் ஆபீஸ் காரியம் இல்லையே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிதியிலிருந்து ஒரு அம்மாள் வீட்டைப் பார்க்க வருவார். முன்கூட்டியே கடிதம் வரும். அந்தச் சனிக்கிழமை என் வீட்டுக்காரர் விடிந்ததும் எழுந்து, தன் செருப்பு, வேட்டி, மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, கான் தெ மாஸ்கில் இருக்கும் சிநேகிதர் வீட்டுக்குப் போய்விடுவார். சொந்த வீட்டைவிட்டு, வாடகை கட்டுகிற மனிதர், திருடன் மாதிரிப் பின்வாசல் வழியாக! சாயங்காலம் அங்கிருந்து ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார், விருந்துக்கு வந்தவர் மாதிரி. அந்த இரண்டு வருடத்தில் நான் சமைத்த பூசணிக்காயை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. இன்றுவரை வாங்குவதில்லை.

ஒருமுறை அவருடைய ஷேவிங் பிரஷ்ஷை ஜன்னல் கட்டையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மாள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது யாருடையது என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. கமலா சிரித்த முகத்தோடு, நல்ல பிரெஞ்சில், தையல் மெஷினில் பஞ்சு தட்டுவதற்கு என்றாள். சொன்னதோடு விடவில்லை. பிரஷ்ஷை வாங்கி, மெஷினுக்கு அடியில் குனிந்து, ஊசியைச் சுற்றிப் பொறுமையாகத் தட்டியும் காட்டினாள். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது என் பெண்ணுக்கு. எந்தக் காலேஜில் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். அந்த எட்டுப் பக்கப் பாரம்தான் சொல்லிக்கொடுத்தது.

அந்த அம்மாளுக்கு மனம் இளகிவிட்டது. போகும்போது என் தோளைத் தட்டி, எனக்குப் புரியவேண்டும் என்று நிறுத்தி நிறுத்திக் கிரியோலில், ஆண்டவர் எல்லாரையும் மன்னிப்பார், தலை நிமிர்ந்து நட என்றார்.

என்னை மன்னிக்கிறதாம்! அக்கினி சாட்சியாகக் கைபிடித்தவளை! "மெர்சி, மதாம்," என்று நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்? கதவைச் சாத்திவிட்டு, தைத்துக்கொண்டிருந்த சீருடையை எடுத்து நடுவில் கிழித்துப் போட்டேன். பிறகு என் கைக்காசில் துணி வாங்கி மறுபடி தைத்துக் கொடுத்தேன்.

6

கமலா தேறினாள். இன்று ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். எந்தப் பிள்ளையின் காகிதத்தையும் அவள் உரக்க வாசிப்பதில்லை என்று மட்டும் எனக்குத் தெரியும்.

பரீட்சை முடிந்து நிதியோடு கணக்குத் தீர்ந்த அன்றே, மோகாவுக்குப் போய், வீராசாமி மேசை முன்னால் நின்றேன். சிவில் கல்யாணம் செய்யவேண்டும், எந்தக் காகிதத்துக்கு எங்கே போகவேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, சாட்சிக்கு ஆள் வேண்டுமே மதாம், நான் வரட்டுமா என்று கேட்டார். பாவம், அவரும் இரண்டு வருடமாக அந்தக் காப்பை நினைத்துக்கொண்டிருந்திருப்பார் போல. வரச் சொன்னேன். கான் தெ மாஸ்க் சிநேகிதர் இன்னொரு சாட்சி.

கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் இரண்டு பேர் பெயரையும் ஆபீஸ் வாசல் பலகையில் ஒட்டினார்கள். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று ஊரைக் கேட்கிறார்களாம்! பதினெட்டு வயதை எட்டப்போகிற பெண்ணை வைத்துக்கொண்டு நான் அந்தப் பலகையைத் தாண்டி மார்க்கெட்டுக்குப் போய்வந்தேன். சிவில் கல்யாணத்தன்றைக்கு என் பட்டுப்புடவையைத்தான் கட்டிக்கொண்டேன், அதே கல்யாணப்புடவை. அதிகாரி ஏதேதோ சட்டம் வாசித்தார். இவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று என்னிடம் கேட்டார். "இப்பக் கேக்கறீங்களே!" என்று தமிழில் சொல்லிவிட்டுத்தான் சம்மதம் என்றேன். இவர் மறுபடியும் தமிழிலேயே கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் முடிந்தபின் அதிகாரி கமலாவைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சிரித்த முகம். தாயும் தகப்பனும் மணம் செய்துகொண்டதால், இன்று முதல் நீ சட்டப்படி முறையான மகள், வாழ்த்துகள் என்று அவளிடம் கைநீட்டினார்.

கமலா கையை நீட்டவில்லை. பிரெஞ்சில் கேட்டாள், மெதுவாக, எனக்கும் புரிகிற மாதிரி:

"அப்படியானால் நேற்று வரைக்கும் நான் யார்?"

அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. வீராசாமி ஜன்னலைப் பார்த்தார். அதிகாரி குனிந்து ரிஜிஸ்தரைப் பார்த்தார், பதில் அதில் எங்கேயாவது எழுதியிருக்கும் என்பது போல. அப்புறம் மூடிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை இவர் மூணு வருஷம் என்று சொன்னதும் எனக்கு அந்த மூடிய ரிஜிஸ்தர்தான் கண்முன்னால் வந்தது. எழுந்து போய் ஏஜெண்டு கையிலிருந்த பாரத்தைப் பிடுங்கினேன். அவர் எழுதியிருந்த மூன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் இருபத்து மூன்று என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

"மதாம், இது உங்க பேப்பரோட ஒத்துப்போகாதே," என்றார் அவர்.

"ஒத்துப்போகாதுதான்," என்றேன். "போய் அந்தப் பேப்பரைத் திருத்திட்டு வாங்க."